வாயுவை அடையாளம் காண எந்தச் சோதனை முதலில்?

ஐதரசன் ‘பொப்’ என்ற சத்தத்தோடு எரியும், ஒட்சிசனில் தணற்குச்சி மீண்டும் சுடர்விடும், காபனீரொட்சைட்டு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் இந்த மூன்றையும் மூச்சுவிடாமல் சொல்லும். அதே பிள்ளையிடம் பெயர் ஒட்டாத நாலு சோதனைக் குழாய்களைக் கொடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் கை தயங்கும். எந்தக் குச்சியை முதலில் நீட்டுவது? அணைந்தால் என்ன முடிவு? அணையாமல் சும்மா எரிந்துகொண்டிருந்தால்? வகுப்பில் நாங்கள் ஒட்சிசனைத் தயாரித்துவிட்டு ஒட்சிசனுக்கான சோதனையைச் செய்கிறோம். விடை தெரிந்த பிறகு கேள்வி கேட்பதால் வரும் சிக்கல் இது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பாடவேளைக்குள், இருக்கிற கொஞ்சக் கண்ணாடிச் சாமானை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டுமென்றால் சில தெரிவுகளைச் செய்தே ஆகவேண்டும். எந்தச் சோதனை முதலில், எந்தக் குச்சி, வாயுவை எதிலிருந்து எடுப்பது, ஆசிரியர் மேசையிலா பிள்ளைகளின் கையிலா. நான் எந்தப் பக்கம் என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன்: எரியும் குச்சி முதலில், சின்னக் குழாய்கள், பிள்ளைகளின் கையில், கூடவே நைதரசன் உள்ள நான்காவது குழாய் ஒன்று. இந்த நான்காவது குழாயைத்தான் நான் ஆக வற்புறுத்துவேன்.

எரியும் குச்சியா, தணற்குச்சியா

தணற்குச்சிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதன் விடையில் குழப்பம் இல்லை. சுடரை ஊதி அணைத்து, நுனி சிவந்திருக்கும்போதே குழாய்க்குள் விட்டால் ஒன்றில் சட்டென்று பற்றும், அல்லது பற்றாது. வளியில் ஒட்சிசன் 21 சதவீதம்தான்; தணல் அதில் தணலாகவே இருந்து சாம்பல் பூக்கும். பற்றினால் வளியைவிட மிகக் கூடிய அளவில் ஒட்சிசன் இருக்கிறது என்று துணிந்து எழுதலாம். நைதரசு ஒட்சைட்டும் தணலைப் பற்றவைக்கக்கூடியது, ஆனால் எங்கள் நாலு குழாய்களுக்குள் அது வரப்போவதில்லை.

பலவீனம் என்னவென்றால், பற்றாவிட்டால் அது எங்களுக்கு ஒன்றுமே சொல்வதில்லை. காபனீரொட்சைட்டாக இருக்கலாம், நைதரசனாக இருக்கலாம், சேகரிக்கத் தவறி வெறும் வளியே வந்திருக்கலாம்.

எரியும் குச்சி அப்படியில்லை. ஒரே நீட்டலில் நாலு வகை விடை தரும். சத்தத்தோடு எரிந்தால் ஐதரசன் என்ற சந்தேகம் பிறக்கும். சுடர் பெருத்துப் பளிச்சென்று எரிந்தால் ஒட்சிசனைத் தேடலாம். அணைந்தால் காபனீரொட்சைட்டு அல்லது நைதரசன். ஒரு மாற்றமும் இல்லாமல் எரிந்தால் குழாயில் இருப்பது வளி, திரும்பச் சேகரிக்க வேண்டும். இந்தக் கடைசி விடை மிகப் பெறுமதியானது. தங்கள் சேகரிப்புப் பிழைத்துவிட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சோதனை இது ஒன்றுதான்.

சரி, அப்படியென்றால் எரியும் குச்சி மட்டும் போதாதா? போதாது. சுடர் ‘கூடப் பிரகாசமாக’ எரிந்ததா என்பதில் பிள்ளைக்குப் பிள்ளை கருத்து வேறுபடும். அங்கேதான் தணற்குச்சி வரவேண்டும். ஆகவே முதலில் எரியும் குச்சி, அது காட்டும் பக்கத்தைப் பார்த்து இரண்டாவது குழாயில் தணற்குச்சியோ சுண்ணாம்பு நீரோ. ஒரு குழாய் வாயு ஒரு சோதனையோடு போய்விடும் என்பதால் ஒவ்வொரு வாயுவிலும் ஒரு குழுவுக்கு மூன்று குழாயாவது நிரப்பி, வாயை அடைத்து வைத்திருக்க வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் வகுப்பைத் தொடங்கினால், எரியும் குச்சியைக் கண்டபின் அடுத்த சோதனைக்கு வாயு இராது.

ஐதரசன் பற்றி ஒரு வார்த்தை. ‘சேர், எங்கட குழாயில சத்தமே வரேல்லை’ என்று ஒரு குழு கட்டாயம் சொல்லும். பெரும்பாலும் அந்தக் குழுதான் ஆகச் சுத்தமாகச் சேகரித்திருக்கும். ஐதரசன் வளியில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றக்கூடியது. 30 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும்போது சத்தம் ஆக வலுக்கும். குழாய் முழுக்கத் தூய ஐதரசன் என்றால் வாயருகே மட்டும் வளியைச் சந்தித்து, மங்கிய நீலச்சுடரோடு அமைதியாக எரிந்து இறங்கும். கண்ணாடியிலுள்ள சோடியத்தால் சிலவேளை மஞ்சளாகவும் தெரியும். சத்தம் வேண்டுமென்றால் குழாயின் மூன்றில் ஒரு பங்குக்கு நீர், மிச்சம் வளி என்று வைத்துத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அந்த நீரை மட்டும் ஐதரசனால் வெளியேற்றினால் போதும். வளியோடு மட்டும்தான். ஒட்சிசனோடு கலந்து பார்க்கும் ஆசையைப் பிள்ளைகளுக்கு ஊட்டவே கூடாது.

குச்சிக்கு எது நல்லது

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் சோதனை பிழைப்பதில் பாதி இங்கேதான். தீக்குச்சி கைக்கு எட்டும், ஆனால் கட்டை. குழாய்க்குள் விடும்போது விரல் சுடும். அதன் மருந்திலேயே ஒட்சியேற்றும் பொருள் இருப்பதால் மருந்து எரிந்து முடியுமுன் விட்டால் தன்பாட்டில் சீறும். தென்னீர்க்கு வீட்டு விளக்குமாற்றிலேயே கிடைக்கும், நீளமும் போதும். ஆனால் மெல்லியது, தணல் சில விநாடிகளில் கருகிவிடும். சுடர்ச் சோதனைக்கு அது நல்லது. ஐஸ்பழக் குச்சியை நீளவாக்கில் இரண்டு மூன்றாகக் கிழித்தால் தணல் சற்று நின்றுபிடிக்கும்.

தணலுக்கு நான் தெரிவது ஊதுபத்தி. நுனி நிமிடக்கணக்கில் ஒரே மாதிரிச் சிவந்திருக்கும், பதற்றமில்லாமல் ஒவ்வொரு குழாயாகப் பார்க்கலாம். ஒட்சிசனுக்குள் போனதும் அந்தச் சிவந்த புள்ளி முதலில் ஆரஞ்சாகி, வெள்ளையாகப் பிரகாசித்து, பிறகு சுடர் எழும்பும். இந்தப் படிகளைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு ‘தகனத்துக்குத் துணைபுரியும்’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் பண்ண வேண்டிய தேவை இல்லை.

அணைந்தால் காபனீரொட்சைட்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான்காவது குழாய். ‘எரியும் குச்சி அணைந்தது, ஆகவே காபனீரொட்சைட்டு’ என்று விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அணைவது எதையும் உறுதிப்படுத்தாது. தீ வாழத் தேவையானது அங்கே இல்லை என்பதை மட்டும் அது சொல்லும். மெழுகுதிரி ஒன்று, ஒட்சிசன் 16 சதவீதத்துக்குக் கிட்ட இறங்கும்போதே அணைந்துவிடும். மூடிய போத்தலுக்குள் எரிந்து அணைந்த மெழுகுதிரியைச் சுற்றியிருப்பதில் பெரும்பங்கு நைதரசன்தான். காபனீரொட்சைட்டு அதில் சில சதவீதம் மாத்திரமே.

இந்த இரண்டையும் முதன்முதலில் பிரித்துப் பார்த்தவர்கள் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளிவந்து சுண்ணாம்பு நீரைக் கலங்கவைக்கும் வாயுவை 1750களில் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக் ஆராய்ந்தார். பொருள்களை எரித்து முடித்த வளியிலிருந்து அந்த வாயுவைக் காரத்தால் உறிஞ்சி எடுத்த பிறகும், மிஞ்சியது தீயை அணைப்பதை அவருடைய மாணவர் டேனியல் ரதபோர்ட் 1772இல் காட்டினார். அந்த மிச்சம்தான் நைதரசன். அதே தர்க்கத்தை எங்கள் பிள்ளைகளும் நாற்பது நிமிடத்துக்குள் நடந்து பார்க்க முடியும்.

நைதரசனுக்குச் சிலிண்டர் ஒன்றும் வேண்டாம். சட்டி தேய்க்கும் சாதாரண இரும்புநாரை (துருப்பிடிக்காத உருக்கு வகை சரிவராது) நனைத்துக் குழாயின் அடியில் செருகி, தண்ணீர்ப் பாத்திரத்தில் கவிழ்த்துச் சில நாட்கள் விட்டால் போதும். துருப்பிடிக்கும்போது ஒட்சிசன் செலவாகும். நீர்மட்டம் குழாயின் ஐந்தில் ஒரு பங்குவரை ஏறி நிற்கும். மேலே இருப்பது பெரும்பாலும் நைதரசன். அதில் குச்சி அணையும், சுண்ணாம்பு நீரோ தெளிவாகவே இருக்கும். காபனீரொட்சைட்டுக் குழாயை அதன் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே அளவு சுண்ணாம்பு நீர் விட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். ஒன்று வெளுக்கும், மற்றது வெளுக்காது. அதற்குப் பிறகு ‘அணைந்தது, ஆகவே…’ என்று எழுத அந்தப் பிள்ளையின் பேனை கொஞ்சம் தயங்கும்.

சுண்ணாம்பு நீர் விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு கவனம் இருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணறு அந்தக் கல் கரைந்து உண்டானது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குத் தோண்டியதும் அதே கல்தான். மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு இந்தக் கல்லை மெல்லக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால், எந்த வாயுவும் விடாமலே உடனே வெண்மையாகக் கலங்கும். இருகாபனேற்றும் சுண்ணாம்பும் தாக்கமுற்றுக் கல்சியம் காபனேற்று வீழ்படிவாவதுதான் காரணம். பிள்ளைகள் அதைப் பார்த்து, வளியிலேயே காபனீரொட்சைட்டு நிறைய இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

ஆகவே காய்ச்சி வடித்த நீர், அது இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைநீர். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பே போதும், ஆனால் காய்ந்து கட்டியாகிப் பழசானது வேண்டாம். அது ஏற்கெனவே வளியிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கிக் காபனேற்றாகியிருக்கும். முதல்நாள் கரைத்து, இரவு அடையவிட்டு, மேலே தெளிந்ததை வடிதாளில் வடித்து, போத்தலை நிறைத்து மூடிவைக்க வேண்டும். சோதனையின்போது வாயுவை நெடுநேரம் செலுத்தினால் பால்நிறம் திரும்பத் தெளிந்துவிடும் என்பதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்படித் தெளிவதுதான் எங்கள் கல் கரையும் தாக்கம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைத் தகடு அதன் எதிர்த்திசை.

கிணற்றுக்குள் விளக்கு இறக்குவது

வகுப்பறைக்கு வெளியே இந்தச் சோதனையை நம்பி உயிரைப் பணயம் வைக்கிற இடம் ஒன்று இருப்பதால் இதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிணறு துப்புரவாக்க இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரியான முடிவு. விளக்கு அணையாவிட்டால் இறங்கலாம் என்பது பிழையான முடிவு.

தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு (CO; காபனீரொட்சைட்டு அல்ல) வரும். நிறம், மணம் ஒன்றும் இல்லை. வளியில் 0.1 சதவீதம் இருந்தாலே ஆளை மயக்கி உயிரெடுக்கக்கூடியது. அந்த அளவில் விளக்குச் சுடர் துளியும் அசையாது. காபனோரொட்சைட்டு சுடரில் தீப்பற்றுவதற்கே வளியில் 12 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அழுகிய சேற்றிலிருந்து மெதேன் வந்திருந்தால் விளக்கே ஆபத்தாகலாம். காஸ் சிலிண்டர் கசிவைத் தீக்குச்சியால் பார்ப்பதும் இதே வகைப் பிழைதான். அதற்குச் சவர்க்கார நுரை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் வீட்டு வளவுகளில் கிணறு இருக்கிறது, பம்ப் இருக்கிறது. சுடர் எதைக் காட்டும் என்பதோடு எதைக் காட்டாது என்பதையும் அவர்கள் இந்தப் பாடத்திலேயே கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

எதிலிருந்து எடுப்பது

ஒட்சிசனுக்கு இரண்டு வழி. பொற்றாசியம் பரமங்கனேற்றை வெப்பமேற்றுவது பரீட்சைக்குப் பழக்கமான வழி. உலர்ந்த கடினக் கண்ணாடிக் குழாய், வாயில் பஞ்சு, கீழே விளக்கு, நீருக்கூடாகச் சேகரிப்பு. வெப்பமேற்றுவதை நிறுத்துமுன் குழாயை நீரிலிருந்து எடுக்க மறந்தால் குளிர்நீர் உறிஞ்சப்பட்டுச் சூடான கண்ணாடி வெடிக்கும். இதை ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டலாம். பத்துக் குழுக்கள் ஒரே நேரத்தில் செய்வதை நான் விரும்பமாட்டேன்.

மற்றது ஐதரசன் பேரொட்சைட்டும் மங்கனீசீரொட்சைட்டும். வெப்பமே வேண்டாம். பாமசியில் ‘20 வொலியூம்’ என்று வருவது 6 சதவீதக் கரைசல். அதன் 5 மில்லிலீற்றர் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் ஒட்சிசன் தரும். சாதாரணச் சோதனைக் குழாய் 20 மில்லிலீற்றர் அளவு என்பதால், முதலில் வரும் வளியைக் கழித்தாலும் ஒரு குழுவுக்கு மூன்று குழாய் கிடைக்கும். மங்கனீசீரொட்சைட்டு இல்லையென்றால் பச்சை உருளைக்கிழங்கு நறுக்கிப் போட்டாலும் நுரைக்கும், கொஞ்சம் மெதுவாக. பிள்ளைகளின் கைக்கு இந்த வழிதான் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. பேரொட்சைட்டு தோலில் பட்டால் வெளுத்து எரியும், அதனால் கண்ணாடியும் கையுறையும் வேண்டும்.

ஐதரசனுக்கு நாகமும் ஐதான ஐதரோகுளோரிக் அமிலமும். ஒரு கிராம் நாகம் முழுதும் தாக்கமுற்றால் 350 மில்லிலீற்றருக்கு மேல் வரும், தாராளம். வேகம் காணாவிட்டால் செப்புச்சல்பேற்று ஒரு துளி. அலுமினியமும் எரிசோடாவும் மலிவுதான், ஆனால் கலவை கொதித்துத் தெறிக்கும், வேண்டாம்.

காபனீரொட்சைட்டு எல்லாவற்றிலும் சுகம். அப்பச்சோடாவில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டால் போதும். வளவில் பொறுக்கிய சுண்ணாம்புக்கல்லில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுக் காட்டினால் இன்னும் நல்லது, கல் நுரைப்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். சல்பூரிக் அமிலம் மட்டும் சரிவராது. கல்சியம் சல்பேற்று கல்லை மூடித் தாக்கத்தை நிறுத்திவிடும். வளியைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி என்பதால் குழாயை நிமிர்த்தியே சேகரிக்கலாம்.

மேசையிலா, கையிலா, திரையிலா

ஆசிரியர் மேசையில் வாயுச்சாடியை வைத்துச் செய்துகாட்டினால் நேரம் மிஞ்சும், ஆபத்து ஒருவர் கையில் அடங்கும். பின்வாங்கில் இருப்பவர்களுக்குத் தணலின் நிறமாற்றம் தெரியாது. காணொளி இன்னும் சுலபம், குளோரீன் போன்ற நச்சுவாயுவுக்கு அதுவே பொருத்தம். ஆனால் காணொளியில் சோதனை எப்போதும் சரிவரும். சேகரிப்புப் பிழைத்து, குச்சி சும்மா எரிந்து, ‘இது வளி’ என்று தாங்களே கண்டுபிடிக்கும் வாய்ப்பை அது தராது.

பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு நான் சொல்லும் நிபந்தனைகள் கொஞ்சம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதவை. ஐதரசன் தயாராகும் குடுவை ஒரு மூலையில், எரியும் விளக்கு எதிர்மூலையில். சுடர் சின்னக் குழாயை மட்டுமே தொடும். தயாரிக்கும் குடுவையின் அருகில்கூடப் போகாது. குழாயைச் சாவணத்தால் பிடித்து, வாய் ஒருவர் முகத்துக்கும் நேராக இல்லாமல் வைக்க வேண்டும். பின்னலை முன்னால் தொங்கவிடாமல் கட்ட வேண்டும். இவற்றைக் காப்பாற்ற முடியாத அளவுக்கு இடம் நெருக்கமென்றால் ஐதரசனை மட்டும் மேசைக்கு எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் மேசைக்கே இழுத்துவிட வேண்டாம்.

கொப்பியில் இரண்டு நிரல் போதும்: கண்டது ஒன்று, முடிவு மற்றது. குச்சி அணைந்த குழாய்க்குக் ‘கண்டது’ என்பதன் கீழே ‘சுடர் அணைந்தது’ என்று எழுதிவிட்டு, முடிவுக்குரிய கட்டத்தைச் சுண்ணாம்பு நீர் விடும்வரை வெறுமையாக விடச் சொல்லுங்கள். புள்ளியிடும்போது அந்த வெறுமைக் கட்டத்துக்கும் புள்ளி கொடுங்கள்.